துணி கட்டிய கண்ணாடி

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

‘அன்புள்ள’ என்று போடட்டுமா என்று எழுதுகிறவள் கேட்டாள். ஒன்றும் வேண்டாம், நேராக விஷயத்துக்குப் போ என்றேன்.

நீங்கள் அனுப்பிய காகிதத்தை விரல் வைக்காமல் இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் காது கேட்கும். இதை எழுதுகிற எடைமேடைப் பெண்தான் அதை இரண்டு தடவை படித்துக் காட்டினாள். ‘மரவாடியின் இரண்டாம் உலர்த்தறையில் எட்டு ஈரப்பத சென்சார்கள் தொண்ணூறு நாள் சோதிக்கப்பட்டன. ஒன்றுகூடப் பழுதாகவில்லை. உலர்த்தறை மேஸ்திரியாகிய நான் இதை நேரில் கண்டேன்.’ அடியில் என் கட்டை விரலுக்கு ஒரு கட்டம்.

நீங்கள் பட்டாணி அளவுள்ள அந்த எட்டு சென்சார்களையும் ஆவி விட்டு மரம் உலர்த்துகிற அறைக்குள் தொங்கவிட்டு, கம்பியை வெளியே இழுத்து, எண் காட்டுகிற பலகையைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனது பிப்ரவரி பதினொன்று. இன்றைக்கு இருபத்தோரு நாள். மீதி அறுபத்தொன்பது நாளை நான் எந்தக் கண்ணால் கண்டேன்?

பட்டாணிகள் இதுவரை பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் காலை ஒன்றாம் நம்பர் எழுபத்தெட்டு, மூன்று எழுபத்தொன்பது, நான்கு எழுபத்தெட்டு, எட்டு எண்பது. எண் எனக்குத் தெரியும். நாற்பது வருஷமாகப் பாதரசக் கோட்டை எண்ணி எண்ணிப் படித்தது. எதை வைத்துச் சரி என்கிறேன் என்று உங்கள் காகிதத்தில் ஒரு வரி இல்லை, நானே சொல்கிறேன். அறைக்குள் இரண்டு கண்ணாடி, சூடு பார்க்கிற பாதரசக் குழாய்கள். ஒன்று வெறுங்கண்ணாடி. இன்னொன்றின் அடியிலிருக்கும் குண்டில் துணியைச் சுற்றி, துணியின் வாலைத் தண்ணீர்க் குப்பியில் விட்டிருக்கும். துணி காயக் காயக் குண்டு குளிரும். இரண்டுக்கும் எத்தனை கோடு வித்தியாசமோ அதை வைத்துக் காற்றின் ஈரம் தெரியும், வித்தியாசம் குறைந்தால் ஈரம் கூடுதல். அது பொய் சொன்னதில்லை.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் உங்கள் அப்பா இந்த மரவாடிக்கு மேனேஜர். அவரும் இதே மாதிரி கட்டம் போட்ட காகிதம் ஒன்றை என் முன்னால் நீட்டினார். “ஒண்ணுமில்லப்பா, ஆவி கசிஞ்சதுன்னு எழுதியிருக்கு, வச்சிட்டுப் போ” என்றார். வைத்தேன். எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அதில் ஆவியும் இல்லை, கசிவும் இல்லை. என்னோடு உலர்த்தறையில் வேலை செய்த சீட்டி தன் இஷ்டத்துக்கு, யாரிடமும் சொல்லாமல் அறைக்குள் போய்ச் செத்தான் என்று இருந்தது. அன்றிலிருந்து நான் எந்தக் காகிதத்திலும் விரல் வைத்ததில்லை. உங்கள் கல்யாணப் பதிவிலும் வைக்கவில்லை. அப்பா நீட்டினதையே மகனும் நீட்டினால் நான் என்ன செய்யட்டும்?

இதை எழுதுகிறவள் சீட்டியின் மகள். அவன் செத்தபோது இவளுக்கு மூன்று வயது. உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

போனில் கூப்பிட வேண்டாம். போனில் சொன்னதை நாளைக்கு இல்லை என்று சொல்லலாம்.

மேஸ்திரி


மார்ச் 9

மாமாவுக்கு,

நான் ‘அன்புள்ள’ என்று எழுதியிருப்பேன். நீங்கள் போட வேண்டாம் என்ற பிறகு நான் மட்டும் போட்டு என்ன ஆகப் போகிறது?

அது அச்சடித்த படிவம் மாமா. எந்தச் சோதனைக்கும் அதேதான். காகிதம் மேஜை மேஜையாக ஏறி இறங்குவதற்குள் தொண்ணூறு நாள் தானாக முடிந்துவிடும். அதனால் முன்கூட்டியே அனுப்பினேன். உலகத்தில் எல்லாரும் செய்கிற வேலை இது. நீங்கள் மட்டும் கோர்ட்டுக்குப் போன மாதிரி நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எழுபது டிகிரி சூடு, கொதிக்கிற ஈரம், மரத்திலிருந்து கிளம்புகிற புளிப்பு ஆவி. இதில் ஒரு மலிவு சென்சார் ஒரு வாரம் தாங்காது என்று என் கூட வேலை செய்கிறவர்களே சிரித்தார்கள். உங்கள் அறை மாதிரி மோசமான இடம் வேறு கிடைக்காது என்றுதான் அங்கே கொண்டுவந்தேன். உங்கள் முகத்தைப் பார்க்கும் ஆசையில் வரவில்லை.

உங்கள் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் இன்றைக்கும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை உள்ளே போகிறான். என் பலகை வெளியே தொங்குகிறது. அது சரியாக வேலை செய்தால் யாருமே உள்ளே போக வேண்டாம். மற்ற அறைகளுக்கும் வாங்குவதா என்று முதலாளி மாதக் கடைசியில் முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறார். உங்கள் விரல் இல்லாமல் வாங்க மாட்டாராம். சீட்டியைப் பற்றி இவ்வளவு பேசுகிற நீங்கள்தான் இதற்குக் குறுக்கே நிற்கிறீர்கள்.

அப்பாவை இழுக்காதீர்கள். அவர் படுக்கையோடு இருக்கிறார். மூச்சு வாங்குகிறது. பக்கத்து அறையில்தான் இருக்கிறார், உங்கள் கடிதத்தை நான் சத்தமாகப் படிக்கவில்லை.

உங்கள் மகள் வழக்கம்போலக் கண்ணாடிக்குத் துணி அனுப்பியிருக்கிறாள். இந்த வருஷம் தலையணை உறை. நன்றாகத் துவைத்து வைத்திருக்கிறாள். ‘அப்பா சாப்பிடுகிறாரா’ என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.


மார்ச் 23

மாப்பிள்ளைக்கு,

சாப்பிடுகிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள். துணி வந்தது. பன்னிரண்டாம் தேதி பழையதைக் கழற்றிப் புதிதைச் சுற்றினேன்.

இப்போது உங்கள் பட்டாணிகளின் லட்சணத்தைக் கேளுங்கள். பத்தாம் தேதி புளிப்பு வாடை வருகிற மரம் ஒரு லோடு ஏற்றினோம். மறுநாளே இரண்டு, ஐந்து, ஏழு மூன்றும் நூறில் போய் நின்றன. இறங்கவே இல்லை. அறையைத் திறந்து வெயில் விழுந்தபோதும் நூறு. இரண்டாம் நம்பருக்குப் பிடிவாதக்காரி என்றும், ஐந்துக்குச் செத்தவன் என்றும், ஏழுக்கு மைத்துனன் என்றும் பேர் வைத்திருக்கிறேன். எதைக் கேட்டாலும் ஆமாம் போடுகிறதே, அதனால் மைத்துனன்.

மீதி ஐந்தும் யோக்கியம் என்று நினைத்திருந்தேன். பதிமூன்றாம் தேதியிலிருந்து அவையும் கெட்டுவிட்டன. கண்ணாடிக் கணக்குப்படி காற்றின் ஈரம் எழுபத்தொன்பது. பட்டாணிகள் அறுபத்தொன்று, அறுபது, அறுபத்திரண்டு என்கின்றன. ஐந்தும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே பொய். கண்ணாடியை நம்பி மேல் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். “அப்ப அந்தச் சாமானைக் கழட்டித் தூக்கிப் போடு மேஸ்திரி” என்றார். மாதக் கடைசி வரைக்கும் இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். பேச்சு மாறினான் என்று யாரும் சொல்லக் கூடாது.

குறுக்கே நிற்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். குறுக்கே நிற்பது என்றால் என்ன என்று சொல்கிறேன்.

அன்றைக்கு ஜூலை பத்தொன்பது. மதியம் இரண்டே கால். வெறுங்கண்ணாடியில் எழுபத்திரண்டு. குப்பியில் தண்ணீர் இறங்கிவிட்டது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. ஒருவன் ஈரத்துண்டைத் தலைக்குப் போர்த்திக்கொண்டு உள்ளே போவான். இன்னொருவன் கதவில் நிற்பான். உள்ளே போனவன் சீட்டி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சீட்டி நின்றால் உடனே இழுக்க வேண்டும். இவன் அதை ஒரு பாட்டு மாதிரி அடிப்பான், அதனால்தான் அந்தப் பேர். ஆவியை அடைத்து அரை மணி நேரம் ஆறவிடலாம் என்று கேட்டோம். உங்கள் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. சூடு இறங்கினால் மரப்பலகை வெடித்துவிடும், கதவையும் சாத்து என்றார். “ஒரு நிமிஷ வேலை, போயிட்டு வா” என்றார். அவன் போனான். நான் கதவில் நின்றேன். பதினெட்டு எண்ணுகிறவரை சீட்டி கேட்டது. நின்றது. கதவை இழுத்தேன். ஈரத்தில் கட்டை உப்பித் தாழ்ப்பாள் பிடித்துக்கொண்டது. கோடாரி எடுத்து வர இன்னொரு இருநூறு.

காகிதத்தில் இதில் எது இருந்தது? ஒன்றுமில்லை. ‘தன் இஷ்டத்துக்கு’ என்று இருந்தது. இவளுடைய அம்மா நஷ்டஈடு கேட்டு, அந்த ஒரு சொல்லால் எத்தனை வாசலில் நின்று திரும்பியிருக்கிறாள் தெரியுமா?

பொய் சொல்கிற பலகையைச் சுவரில் மாட்டினால், அதை நம்பி ஒருவன் எதையாவது செய்வான். எவனாவது உள்ளே போவான். அதற்கு நான் விரல் வைக்க மாட்டேன்.

மேஸ்திரி

(எழுதியவள் குறிப்பு: பெரியப்பா உங்களைப் பற்றிச் சொன்ன இரண்டு வார்த்தைகளை நான் எழுதவில்லை. மற்றதெல்லாம் அவர் சொன்னபடி.)


மார்ச் 28

மாமாவுக்கு,

மூன்று சென்சார் நூறில் நின்றது என் தப்பு. புளிப்பு ஆவி உள்ளே போய் அரித்திருக்கும். அதற்குப் பூச்சு போட வேண்டும் என்று தெரிந்தும் செலவைப் பார்த்துப் போடாமல் விட்டுவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன். போதுமா?

மற்ற ஐந்தைப் பற்றி ஒரு கேள்வி. பதிமூன்றாம் தேதிக்குப் பிறகு ஏற்றிய மரப்பலகைகள் எப்படி இருக்கின்றன? நீங்கள் சொல்ல மாட்டீர்கள், நானே விசாரித்தேன். நுனியிலிருந்து வெடித்திருக்கின்றன. இரண்டு லோடு. காற்றில் எழுபத்தொன்பது ஈரம் இருந்தால் பலகை எப்படி மாமா வெடிக்கும்? வறண்ட காற்றில்தான் வெடிக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். முதலாளியிடம் மரத்தின் மேல் பழியைப் போட்டீர்களாம், ‘மழையில் வெட்டின மரம்’ என்று. ஐந்து சாட்சி ஒன்று சொல்கிறது. நீங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் கண்ணாடி மட்டும் வேறு சொல்கிறது. நீங்கள் ஒருத்தனை நம்பி ஐந்து பேரைப் பொய்யன் என்கிறீர்கள்.

அப்புறம் அந்தக் காகிதம். அப்பாவின் பெட்டியில் அதன் நகல் இருந்தது. எடுத்துப் படித்தேன். ‘அந்த நேரத்தில் கதவருகே எவரும் இல்லை’ என்றும் அதில் ஒரு வரி இருக்கிறது. கதவருகே நீங்கள் இருந்தீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே சொல்கிறீர்கள். அது வெளியே வந்திருந்தால் முதலில் யாரைக் கேள்வி கேட்டிருப்பார்கள்? அந்தக் காகிதம் அப்பாவை மட்டும் காப்பாற்றவில்லை. அந்த வரியை உங்களுக்கு யாரும் படித்துக் காட்டவில்லையா, இல்லை, கேட்டு மறந்துவிட்டீர்களா? ஜூலை பத்தொன்பது, இரண்டே கால், பதினெட்டு என்று எல்லாம் ஞாபகம் இருக்கிறவருக்கு!

நான் நேரில் வருகிறேன். எப்போது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் எல்லாவற்றையும் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பீர்கள்.


ஏப்ரல் 5

மாப்பிள்ளைக்கு,

மரவாடி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளையை மாமனார் கன்னத்தில் அறைந்தான் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். பேசட்டும். இன்னொரு தடவை செய்தாலும் அதேதான் கிடைக்கும்.

மூன்றாம் தேதி நான் பாய்லர் பக்கம் போயிருந்த நேரம் பார்த்து, யாரையும் கேட்காமல், ஆவி ஓடிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்து உள்ளே போகிறீர்கள். தலைக்குத் துண்டு இல்லை. கதவில் ஆள் இல்லை. லாரி டிரைவர் வந்து “மேஸ்திரி, உங்க மாப்பிள்ளை உள்ள இருக்காரு” என்று சொன்னதும் ஓடி வந்தேன். “சீட்டி அடிங்க! சீட்டி அடிங்க!” என்று கதவில் நின்று கத்தினேன். உள்ளேயிருந்து “எனக்கு அடிக்கத் தெரியாது மாமா” என்று பதில் வருகிறது! படித்த படிப்புக்கு அதுகூடவா தெரியாது? பிறகு அந்தச் சத்தமும் நின்றது. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. தோள் இன்னும் வலிக்கிறது. உங்களை அறைந்த கைதான் அது, அதனாலும் இருக்கலாம்.

நீங்கள் எப்படிச் செத்தீர்கள் என்று என் மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டு நான் மிச்ச நாளை ஓட்ட வேண்டும் என்று ஆசையா உங்களுக்கு?

நீங்கள் கையில் சுருட்டிக்கொண்டு போனது என் கண்ணாடித் துணி. அதைத் திருப்பி அனுப்புங்கள். துணி இல்லாமல் கண்ணாடி சும்மா நிற்கிறது.

மேஸ்திரி


ஏப்ரல் 9

மாமாவுக்கு,

கன்னம் சரியாகிவிட்டது. கையில் கொப்புளம். உங்கள் மகளிடம் பாய்லர் குழாயில் பட்டது என்று சொல்லியிருக்கிறேன். மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

துணியைத் திருப்பி அனுப்புகிறேன். சுற்றுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். மேஜைமேல் விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பழைய துணி ஏதாவது இருந்தால் அதிலும் ஒரு சொட்டு விடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் கண்ணால் கண்டால்தானே நீங்கள் நம்புவீர்கள்.

நான் உள்ளே போனபோது குப்பியில் தண்ணீர் நிறைய இருந்தது. ஆனால் குண்டைச் சுற்றியிருந்த துணி பாதிதான் நனைந்திருந்தது. குண்டு குளிரவே இல்லை. அப்புறம் வித்தியாசம் எப்படிக் காட்டும்? ஈரம் கூடுதல் என்றுதான் சொல்லும். அதை நம்பி ஜன்னலைத் திறந்து வைத்தீர்கள். பலகை வெடித்தது.

அந்தத் தலையணை உறையை வாங்கியவன் நான். இஸ்திரி போடாமலே சுருங்காது என்று கடைக்காரன் சொன்னான். பாதிக்கு மேல் நைலான் மாதிரி ஏதோ ஒன்று. உங்கள் மகளுக்கு அது தெரியாது. துவைத்துத் துவைத்துப் பார்த்தாள், மெத்தென்று இருந்தது, அனுப்பினாள். அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பழக்கம்தானே.


ஏப்ரல் 15

மாப்பிள்ளைக்கு,

சொட்டு விட்டுப் பார்த்தேன். பழைய துணியில் விட்டது அப்போதே பரவிவிட்டது. உங்கள் உறையில் விட்டது கண்ணாடிக் குண்டு மாதிரி உருண்டு உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தது. எடைமேடைப் பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருபத்திரண்டு நாள் என் கண்ணாடி பொய் சொல்லியிருக்கிறது. மார்ச் பதிமூன்றிலிருந்து ஏப்ரல் மூன்று வரை. உங்கள் ஐந்து பட்டாணிகளும் சரி. பலகை வெடித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மரத்தின் மேல் பழி போட்டேன். துணியைத் தொட்டுப் பார்க்கவில்லை. அவள் அனுப்பிய துணி என்பதால் அதன்மேல் சந்தேகம் வரவில்லை. முதலாளியிடம் போய் இதை அப்படியே சொன்னேன். “முப்பது வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா துரத்தியிருப்பேன்” என்றார். அவ்வளவுதான்.

இனி என் விரல் வேண்டும் என்றால் இரண்டு காகிதம் எழுதி அனுப்ப வேண்டும்.

முதல் காகிதத்தில்: சோதித்தது எத்தனை நாளோ அத்தனை நாள். எட்டில் மூன்று புளிப்பு ஆவியில் கெட்டது. ஐந்து தாக்குப்பிடித்தது. நடுவில் இருபத்திரண்டு நாள் மேஸ்திரியின் கண்ணாடி தப்பு. அதை விடக் கூடாது. என் பேரோடு போடுங்கள்.

இரண்டாவது காகிதத்தில்: ஜூலை பத்தொன்பது. சீட்டி தன் இஷ்டத்துக்குப் போகவில்லை. குப்பியில் தண்ணீர் ஊற்ற மேனேஜர் அனுப்பினார். கதவில் நான் நின்றேன். தாழ்ப்பாள் பிடித்தது. அதில் உங்கள் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அடியில் நான் விரல் வைப்பேன். அதை இவளிடம் கொடுப்பேன். படுக்கையில் இருக்கிறார், மூச்சு வாங்குகிறது என்று பூசி மெழுக வேண்டாம். கையெழுத்துக்கு ஒரு மூச்சு போதும்.

இரண்டும் வந்தால் இரண்டிலும் வைப்பேன். ஒன்று மட்டும் வந்தால் ஒன்றிலும் வைக்க மாட்டேன்.

மேஸ்திரி


ஏப்ரல் 24

மாமாவுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு ஒட்டினேன். நோயாளியின் தலைமாட்டில் நின்று பேரம் பேசுகிற ஆள் நீங்கள் என்று உங்கள் மகளிடம் சொன்னேன். அவள் கடிதத்தை வாங்கிக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முழுதும் படித்துக் காட்டியிருக்கிறாள். நான் தடுத்திருப்பேன்.

அப்பா மறுநாள் எழுதச் சொன்னார். நீங்கள் சொன்ன வரிகளை அப்படியே எழுதினேன். “ஒரு நிமிஷ வேலை, போயிட்டு வா” என்று தான் சொன்னதையும் சேர்க்கச் சொன்னார். நான் அதை அவரிடம் சொல்லவே இல்லை, உங்கள் பழைய கடிதத்தில்தான் இருந்தது. சொல்லுக்குச் சொல் அதேதான். அந்த இடத்தில் நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பிறகு இன்னும் மூன்று வரி சேர்க்கச் சொன்னார். அதைச் சேர்த்தால்தான் கையெழுத்து என்றார். அவர் சொன்னபடி:

‘முதலில் நான் மேஸ்திரியிடம்தான் சொன்னேன். அன்றைக்கு உள்ளே போக வேண்டியது அவர் முறை. தனக்கு இருமல் என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த ஈரத்துண்டை அவர் சீட்டியிடம் கொடுத்தார்.’

உண்மையா மாமா? நீங்கள் சொன்ன கதையில் துண்டு கைமாறியது எங்கேயும் வரவில்லையே.

இரண்டு காகிதமும் இதோடு இருக்கின்றன. அப்பாவின் கையெழுத்து கோணலாக இருக்கிறது, ஆனால் அவருடையதுதான். இந்த மூன்று வரி வேண்டாம் என்றால் அடித்துவிட்டு விரல் வையுங்கள். அவருக்குத் தெரியாது. நான் சொல்ல மாட்டேன்.


ஏப்ரல் 29

மாப்பிள்ளைக்கு,

இரண்டு காகிதத்திலும் விரல் வைத்து அனுப்பியிருக்கிறேன். எதையும் அடிக்கவில்லை.

உங்கள் கடிதத்தை எடைமேடைப் பெண்தான் படித்தாள். வேறு யாரைப் படிக்கச் சொல்வேன்? அந்த மூன்று வரி வந்ததும் நிறுத்தினாள். பிறகு அவளே மீண்டும் ஒரு தடவை முதலிலிருந்து படித்தாள். மெதுவாக.

நடந்தது இதுதான். என் முறை. துண்டை நனைத்துப் பிழிந்து கையில் வைத்திருந்தேன். முந்தின நாள்தான் ஒருவன் மயங்கி விழுந்தான். எனக்குப் பயம். “எனக்கு இருமலா இருக்குடா, நீ போயேன்” என்றேன். அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. “குடுங்கண்ணே” என்று வாங்கிப் போர்த்திக்கொண்டான். துண்டில் சிவப்புக் கரை.

இருமல் இருந்ததா என்று கேட்பீர்கள். முப்பத்தோரு வருஷமாக இருந்தது என்று சொல்லிச் சொல்லி, இப்போது நினைத்தால்கூட நெஞ்சில் கரகரப்பு வருகிறது. இல்லை. அன்றைக்கு எனக்கு இருமல் இல்லை.

கதவருகே எவரும் இல்லை என்ற வரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எட்டு மாதம் கழித்து அந்தக் காகிதத்தை ஒருவன் படித்துக் காட்டியபோது அந்த வரியையும் படித்தான். கேட்டேன். உங்கள் அப்பாவை மட்டும் திட்டினேன். அந்த வரியைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

உங்கள் அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவர் அனுப்பினார். அது அப்படியே நிற்கிறது. என்னுடையதும் நிற்கட்டும்.

முதலாளி மற்ற அறைகளுக்கும் வாங்கச் சொல்லிவிட்டார். புளிப்பு ஆவிக்குப் பூச்சு போட்ட பட்டாணிகளாக அனுப்புங்கள். பூச்சு இல்லாமல் வந்தால் ஒன்றைக்கூட உள்ளே தொங்கவிட மாட்டேன். இன்றிலிருந்து குப்பிக்குத் தண்ணீர் ஊற்ற யாரும் உள்ளே போவதில்லை. கண்ணாடியைக் கழற்றி வெளியே சுவரில் மாட்டிவிட்டேன்.

மேஸ்திரி

(எழுதியவள் குறிப்பு: பெரியப்பா சொன்ன எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை ஒரு வார்த்தையும் விடவில்லை. இரண்டாவது காகிதத்தின் ஒரு பிரதியை என் அம்மாவுக்காக எடுத்துக்கொண்டேன். விரல் ரேகைக்குச் சாட்சியாகக் கீழே இருப்பது என் கையெழுத்து. இனி அவருக்குக் கடிதம் எழுத, படிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். சரிம்மா என்றார். அதையும் எழுது என்றார்.)